சின்ன ஜன்னலுக்கு எந்த ஸ்க்ரீன்? - அமிர்தி அடிவாரத்திலிருந்து ஒரு வெயில் கணக்கு!

`ஜன்னலே ரெண்டடிதான். அதுக்குப் போய் எதுக்கு இவ்ளோ யோசனை? ஏதாவது ஒரு துணியைக் கட்டிவிட்டா போதாதா?'

புது வீடு கட்டியவர்களிடம் ஸ்க்ரீன் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான். பெரிய ஜன்னல் என்றால் அந்தப் பதில் பரவாயில்லை. சின்ன ஜன்னலுக்குத்தான் அது சரிப்படாது. ஆறடி ஜன்னலில் ஸ்க்ரீன் ஓரடியை அடைத்துக்கொண்டாலும் ஐந்தடி மிச்சமிருக்கும். ரெண்டடி ஜன்னலில் அதே ஓரடி போனால், பாதி ஜன்னல் காலி. காற்றும் பாதி, வெளிச்சமும் பாதி.

இதை வெறும் அலங்கார விஷயமாகப் பார்க்க முடியாத காலத்துக்கு நாம் வந்துவிட்டோம். 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது தமிழக அரசு. வெயிலால் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்கிற அளவுக்கு விஷயம் தீவிரமாகிவிட்டது. ஏ.சி இல்லாத ஒரு சின்ன வீட்டில், வெயிலை உள்ளே விடுவதா, காற்றை வெளியே நிறுத்துவதா என்பதை முடிவு செய்வது அந்த ரெண்டடி ஜன்னலும் அதில் தொங்கும் துணியும்தான்.

ஏன் அமிர்தி?

வேலூரிலிருந்து சுமார் 25 கி.மீ தூரத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. 1967-ல் தொடங்கப்பட்ட வன உயிரியல் பூங்கா, ஆறு, அருவி என்று ஞாயிற்றுக்கிழமை சுற்றுலாவுக்குத்தான் பலருக்கும் இந்த ஊர் தெரியும். ஆனால், வெயிலையும் வீட்டையும் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கஷ்டம்.

ஒருபக்கம், கோடையில் சர்வசாதாரணமாக 40 டிகிரியைத் தாண்டும் வேலூர். இன்னொருபக்கம், மேலே ஏற ஏறக் குளிரும் மலை. ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் 6 டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. வைணு பாப்பு வானாய்வு மையம் இருக்கும் காவலூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேலூரைவிடச் சுமார் 500 மீட்டர் கூடுதல். அதாவது, மூன்று டிகிரி ஆறுதல். அடிவாரத்து அமிர்திக்கு அந்த உயரத்தின் ஆறுதல் முழுதாகக் கிடைக்காது. பகலில் வேலூர் வெயில், ராத்திரியில் மலைக்காற்று. இதுதான் அடிவாரத்து வீடுகளின் நிலைமை.

இந்த `மலைக்காற்று' என்பது சும்மா சொல்வழக்கு இல்லை. பகலில் மலைச்சரிவு சூடாகி, காற்று மேல்நோக்கி ஏறும். சூரியன் மறைந்ததும் சரிவு சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமாகி, சரிவு வழியே பள்ளத்தாக்கை நோக்கி இறங்கும். ஆக, அடிவாரத்து வீட்டுக்கு இயற்கை இலவசமாகத் தரும் ஏ.சி, ராத்திரியில் மலையிலிருந்து இறங்குகிறது. அந்த நேரத்தில் ஜன்னல் முழுசாகத் திறந்திருந்தால் லாபம். பாதி ஜன்னலைக் கனத்த துணி அடைத்துக்கொண்டிருந்தால் நஷ்டம்.

மண்வீட்டில் சின்ன ஜன்னல்... கான்கிரீட் வீட்டிலும் அதேவா?

ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய வீடுகள் மண்சுவரும் புல்கூரையும் கொண்டவை. அந்த மாதிரி வீட்டில் சின்னத் திறப்பு ஒரு குறையே இல்லை. கூரைப்புல் வெயிலை இறக்காது. கனத்த மண்சுவர் பகல் சூட்டை மெதுவாகத்தான் உள்ளே விடும். மார்கழிக் குளிருக்கும் அதுவே போர்வை. ஜன்னலுக்குப் பெரிய வேலையே கிடையாது.

கான்கிரீட் தளம் வந்ததும் கதை மாறிவிடுகிறது. தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, ராத்திரி வீட்டுக்குள் கக்குகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற ஜன்னல் பெரிதாக வேண்டும். ஆனால், பாதுகாப்பு, செலவு, குரங்கு, பூச்சி, பக்கத்து வீட்டுச் சுவர் என்று பல காரணங்களால் ஜன்னல் மட்டும் சின்னதாகவே நின்றுவிடுகிறது. மண்வீட்டின் ஜன்னலும் கான்கிரீட்டின் தளமும் ஒரே வீட்டில் சேர்ந்தால் என்ன ஆகும்? ராத்திரி தூக்கம் போகும்.

இது இன்று நிறைய குடும்பங்களின் பிரச்னை. `கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்பது தமிழக அரசின் இலக்கு. ஒரு வீடு 360 சதுர அடி. அரசு தரும் தொகை 3.5 லட்சம் ரூபாய். மத்திய அரசின் பிரதமர் கிராமப்புற வீட்டு வசதித் திட்டத்தில் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி. குடிசையிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறுவது பெரிய முன்னேற்றம்தான். மழையில் ஒழுகாத, தீப்பிடிக்காத வீடு என்பது சின்ன விஷயமில்லை. அதே நேரம், அந்த வீட்டுக்குள் மே மாத ராத்திரியை எப்படிக் கழிப்பது என்கிற கேள்வியும் கூடவே வருகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி வறண்ட வெப்பப் பகுதிகளில் அறையின் தரைப்பரப்பில் பத்தில் ஒரு பங்காவது திறப்பு வேண்டும். ஈரப்பதமான வெப்பப் பகுதிகளில் ஆறில் ஒரு பங்கு. 360 சதுர அடிக்கு உத்தேசமாக 36 முதல் 60 சதுர அடி. ரெண்டடி அகலம், மூன்றரை அடி உயரம் கொண்ட ஒரு ஜன்னல் 7 சதுர அடி. பகலில் 21 சதுர அடி வாசல் கதவு திறந்திருக்கும், சமாளித்துவிடலாம். ராத்திரி கதவைச் சாத்திய பிறகு? குறைந்த கணக்குக்கே ஐந்து ஜன்னலுக்கு மேல் வேண்டும். அதிகக் கணக்குக்கு ஒன்பது. அத்தனை ஜன்னல் யார் வீட்டில் இருக்கிறது?

அதிலும் அது ஸ்லைடிங் ஜன்னலாக இருந்தால், எப்போதும் பாதிதான் திறக்கும். 7 சதுர அடி என்பது 3.5 ஆகிவிடும். மிச்சமிருப்பதிலும் ஸ்க்ரீன் பங்கு கேட்டால், காற்று எங்கிருந்து வரும்?

முதலில் திசையைப் பாருங்கள்!

கலரும் டிசைனும் அப்புறம். முதல் கேள்வி, ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பதுதான்.

அமிர்தி இருப்பது சுமார் 12.7 டிகிரி வடக்கு அட்சரேகையில். ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் நடுப்பகல் சூரியன் கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மே, ஜூன், ஜூலையில் உச்சிக்குச் சற்று வடக்கே. அதனால், கோடையில் தெற்கு ஜன்னல் வழியாக நேரடி வெயில் வராது. மார்கழியில்தான் சூரியன் தெற்கே சாய்ந்து, அந்த ஜன்னலில் எட்டிப் பார்க்கும். குளிர் காலத்தில் அது நல்ல விருந்தாளி, வரட்டும்.

பிரச்னை கிழக்கும் மேற்கும். காலை, மாலை வெயில் தாழ்வாக, சாய்ந்து வருவதால் சன்ஷேடால் அதைத் தடுக்க முடியாது. கிழக்கு வெயிலாவது வீடு குளிர்ந்திருக்கும் நேரத்தில் வருகிறது. மேற்கு வெயில், பகல் முழுக்கச் சூடேறிய வீட்டின் மேல் மறுபடியும் அடிக்கிறது. ஆகவே, கையில் இருக்கும் காசை முதலில் மேற்கு ஜன்னலுக்குச் செலவு செய்யுங்கள். உங்கள் வீட்டுக்கு மேற்கே மலை இருந்தால், சூரியன் சீக்கிரம் மறைந்துவிடும். அந்த அதிர்ஷ்டசாலிகள் லேசான துணியோடு தப்பிக்கலாம்.

உள்ளே தடுப்பதைவிட வெளியே தடுப்பது மேல்!

`கனமான ஸ்க்ரீன் போட்டா ரூம் குளுமையா இருக்கும்' என்பது பாதி உண்மை. கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயில், ஸ்க்ரீன் துணியைச் சூடாக்கும். அந்தச் சூடு வேறு எங்கே போகும்? அறைக்குள்தான். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவதுதான் சரியான வழி.

அதற்கு நம்மிடம் இருக்கும் பழைய ஆயுதம், மூங்கில் தட்டி. சுருட்டிக் கட்டும் மூங்கில் திரையை ஜன்னலுக்கு வெளியே, சன்ஷேடுக்குக் கீழே தொங்கவிட்டால், வெயில் நிற்கும். இடுக்கு வழியே காற்று வரும். ஜன்னல் குறுகலாக இருப்பது இங்கே நமக்குச் சாதகம். சின்ன தட்டி என்பதால் விலையும் குறைவு, ஒரு கையால் சுருட்டிவிடலாம். ஜன்னலைவிட இரண்டு பக்கமும் ஆறு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். ஜன்னல் கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால், கதவு இடிக்காத தூரத்தில் தட்டியை மாட்ட வேண்டும். மழைக்காலத்தில் சுருட்டி மேலே கட்டிவிடாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

ஒரு விஷயம் கவனம். பக்கத்திலேயே காடு இருக்கிறதே என்று யாரும் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட முடியாது. 2017-ல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் வனச் சட்டத்தின் `மரம்' என்கிற வரையறையில் இல்லை. பட்டா நிலத்து மூங்கிலுக்குத்தான் இந்தச் சலுகை, காப்புக்காட்டு மூங்கிலுக்கு இல்லை. காட்டில் வாழும் பழங்குடியினருக்கும் பிற பாரம்பரிய வனவாசிகளுக்கும் மட்டும், 2006 வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வனப்பொருளாகக் கணக்கில் எடுத்து, சேகரிக்கும் உரிமையை அங்கீகரிக்கிறது.

ஸ்க்ரீன் மாட்டும்போது...

சோஷியல் மீடியாவில் வரும் வீடுகளைப் பார்த்து, கூரையிலிருந்து தரைவரை தொங்கும் ஸ்க்ரீனை ரெண்டடி ஜன்னலுக்கு மாட்டுகிறவர்கள் உண்டு. அது பெரிய ஜன்னல், பெரிய அறை, ஏ.சி இருக்கும் வீட்டுக்கான டிசைன். நமக்குத் தேவையானது வேறு.

* கம்பி, ஜன்னலைவிட நீளமாக இருக்கட்டும்: 24 அங்குல ஜன்னலுக்கு 36 அங்குலக் கம்பி. பக்கத்துக்கு ஆறு அங்குலம் சுவரில் போகும். ஸ்க்ரீனை ஒதுக்கும்போது துணி சுவர்மேல் போய் நின்றுகொள்ளும். ஜன்னல் முழுசாகத் திறந்திருக்கும். மொத்தக் கட்டுரையிலும் ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

* ஒரே ஒரு ஸ்க்ரீன் போதும்: கடைகளில் ரெடிமேட் ஸ்க்ரீன் பெரும்பாலும் நான்கடி அகலத்தில் வரும். உயரம் ஐந்தடி ஜன்னலுக்கு, ஏழடி கதவுக்கு. ரெண்டடி ஜன்னலுக்கு ஒரு ஸ்க்ரீனே இரண்டு மடங்கு அகலம். மடிப்பு அழகாக விழும். ஜோடியாக வாங்கினால் துணி பிதுங்கி, வெளிச்சத்தைத்தான் அடைக்கும்.

* அரை ஸ்க்ரீன்: தெருவைப் பார்த்த ஜன்னலில், உடை மாற்றவும் குழந்தைக்குப் பால் கொடுக்கவும் மறைவு வேண்டும், காற்றும் வேண்டும். ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் ஸ்பிரிங் கம்பியில் துணி போடுங்கள். மேல்பாதி எப்போதும் திறந்தே இருக்கும். சூடான காற்று மேலே ஏறும் என்பதால் வெளியேறவும் அதுதான் வழி.

* மெல்லிய துணியின் ஏமாற்று: வலை போன்ற மெல்லிய ஸ்க்ரீன் பகலில் உள்ளே இருப்பவரை மறைக்கும். ராத்திரி உள்ளே லைட் போட்டதும், வெளியில் இருப்பவருக்கு எல்லாம் தெரியும். வெளிச்சம் அதிகமான பக்கம் எதுவோ, அதுதான் கண்ணுக்குத் தெரியும். படுக்கை அறையில் மெல்லிய துணியை மட்டும் நம்பாதீர்கள்.

* நிறம்: வெயில் படும் பக்கம் வெளிர்நிறம் இருக்க வேண்டும். அடர்நிறம்தான் பிடிக்கும் என்றால், பின்பக்கம் வெள்ளை லைனிங் வைத்துத் தையுங்கள்.

* அடுப்படி: ஜன்னல் பக்கத்தில் அடுப்பு இருந்தால் தொங்கும் துணியே வேண்டாம். சிந்தெடிக் துணி நிச்சயமாக வேண்டாம். காற்றில் ஒருமுறை பறந்து தீயில் பட்டால் போதும்.

புதுத் துணி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஒரு பழைய காட்டன் புடவை ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. நாலாக வெட்டினால் நாலரை அடி உயரத்தில் நாலு ஸ்க்ரீன். மூன்றரை அடி ஜன்னலுக்கு மேலும் கீழும் மடித்துத் தைக்கவும் துணி இருக்கிறது. புடவையின் அகலம் 45 அங்குலம். 24 அங்குல ஜன்னலுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அம்மாவின் ஒரு பழைய புடவை, வீட்டின் நாலு ஜன்னலுக்கும் போதும். துவைக்கச் சுலபம், காற்றும் புகும்.

பிளைண்ட்ஸ் யாருக்கு?

ஸ்க்ரீன் ஒதுங்க சுவரில் இடமே இல்லாத ஜன்னல்கள் உண்டு. அறை மூலையில் இருப்பவை, பீரோ பக்கத்தில் இருப்பவை. அவற்றுக்கு பிளைண்ட்ஸ் நல்ல தீர்வு.

ரோலர் பிளைண்ட் மேலே சுருண்டுகொள்வதால் ஜன்னல் முழுசாகத் திறக்கும். ஆனால், ஜன்னல் சட்டத்துக்கு உள்ளே மாட்டினால் இரண்டு ஓரத்திலும் இடைவெளி விழும். பெரிய ஜன்னலில் அது தெரியாது. குறுகிய ஜன்னலில் ஒவ்வொரு ஓரத்திலும் கோடு போட்டதுபோல வெயில் இறங்கும். மேற்கு ஜன்னலென்றால் சட்டத்துக்கு வெளியே, சுவரில் மாட்டச் சொல்லுங்கள். ரோமன் பிளைண்ட் பார்க்க அழகு. ஆனால், மடிந்து மேலேயே நிற்பதால் உயரம் குறைந்த ஜன்னலில் நல்ல பங்கை அடைத்துவிடும். பட்டைகளைத் திருப்பி வைக்கும் வெனிஷியன், வெயிலை மேலே திருப்பிவிட்டுக் காற்றை விடும். தூசு துடைக்கப் பொறுமை வேண்டும். செங்குத்துப் பட்டைகள் கொண்ட வெர்ட்டிக்கல், அலுவலகங்களின் அகலமான ஜன்னல்களுக்கானது. ரெண்டடிக்கு வேண்டாம்.

ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு கேள்வி: `மினிமம் எத்தனை சதுர அடிக்கு பில் போடுவீங்க?' உங்கள் ஜன்னல் 7 சதுர அடிதான் என்றாலும், குறைந்தபட்ச அளவு என்று ஒன்று வைத்து அதற்கே பில் போடும் கடைகள் உண்டு.

அதைவிட முக்கியமானது கயிறு. பிளைண்ட்ஸை ஏற்றி இறக்கும் வளையக் கயிறு, தவழும் குழந்தையின் கழுத்துக்கு ஆபத்து. அமெரிக்காவில் ஜன்னல் கயிற்றில் சிக்கி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்கு சராசரியாக 9 பேர் இறப்பதாக அந்நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்கிறது. அதனால்தான் 2018 டிசம்பர் முதல் அங்கே ரெடிமேட் பிளைண்ட்ஸில் கைக்கு எட்டும் கயிறு கூடாது என்று தரநிலை மாறியது. 2024 ஜூனில் அளவெடுத்துச் செய்பவற்றுக்கும் கட்டுப்பாடு இறுகியது. சின்ன வீட்டில் ஜன்னலுக்குக் கீழேதான் கட்டில் கிடக்கும், தொட்டில் தொங்கும். கயிறு இல்லாத மாடலைக் கேளுங்கள். ஏற்கெனவே மாட்டியாயிற்று என்றால், கயிற்றைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் சுவர்க் கொக்கியில் இழுத்துச் சுற்றிவிடுங்கள்.

விலை என்ன ஆச்சு?

2025 செப்டம்பர் 22 முதல் மாறிய ஜி.எஸ்.டி-யில் ஸ்க்ரீனும் உண்டு. முன்பு 1,000 ரூபாய் வரையிலான தைத்த ஸ்க்ரீனுக்கு 5 சதவிகிதம், அதற்கு மேல் 12. இப்போது ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை 5 சதவிகிதம், அதைத் தாண்டினால் 18. சின்ன ஜன்னல்காரர்களுக்கு இது நல்ல செய்தி. ரெண்டடி ஜன்னலுக்கு 2,500 ரூபாயில் ஸ்க்ரீன் வாங்க வேண்டிய அவசியமே இல்லையே!

இன்னொரு பக்கம், நம் ஊர்த் தறிகளின் நிலைமை. பெட்ஷீட், ஸ்க்ரீன், கிச்சன் துணிகள் என்று வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதிக்குப் பெயர்பெற்றது கரூர். அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு 50 சதவிகித வரி போட்டபோது, அதிகம் கலங்கியது அந்த மாதிரி ஊர்கள்தான். வெளிநாட்டு ஜன்னல்களை மட்டுமே நம்பியிருக்கும் தறிக்கு, உள்ளூர் ஜன்னல் ஒரு பிடிமானம். கரூர்த் துணியோ, கோ-ஆப்டெக்ஸ் பருத்தியோ, வேலூர்க்காரர்களுக்குப் பக்கத்திலேயே கிடைக்கும் குடியாத்தம் கைலித் துணியோ... எட்டு லட்சம் புது வீடுகளின் ஜன்னல் என்பது சின்ன சந்தை இல்லை.

ஸ்க்ரீனால் முடியாதது

எல்லாம் சொன்ன பிறகு ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். ஒற்றை மாடி கான்கிரீட் வீட்டில் பெரும் சூடு தளம் வழியாகத்தான் இறங்குகிறது. எந்த ஸ்க்ரீனும் அதைத் தடுக்காது. மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பதும், ஜன்னலை எதிரெதிர் சுவரில் வைப்பதும்தான் அதற்கு வழி. வீடு இன்னும் கட்டி முடியவில்லை என்றால், ஜன்னல் வைக்கும் கட்டத்திலேயே மேஸ்திரியிடம் பேசுங்கள். ஒன்றை அரையடி அகலமாக வைக்கச் சொல்வதும், ஸ்லைடிங்குக்குப் பதில் முழுசாகத் திறக்கும் கதவு வைக்கச் சொல்வதும் எந்த ஸ்க்ரீனைவிடவும் அதிகம் உதவும்.

வீடு ஏற்கெனவே கட்டியாயிற்றா? வெயில் ஏறும் முன்பே கிழக்கு ஜன்னலை மூடுங்கள். மதியம் வந்ததும் கிழக்கைத் திறந்து மேற்கை மூடுங்கள். வெளியே அனலாக வீசும் நாளில், இருபக்கமும் சாத்திவிடுவதே நல்லது. பொழுது சாய்ந்து வெளிக்காற்று குளிர்ந்ததும் எல்லா ஸ்க்ரீனையும் சுவரோரம் ஒதுக்குங்கள். கொசுவலை அடித்த ஜன்னலென்றால் வலையின் தூசைத் தட்டுங்கள். அடைத்துக்கொண்ட வலையில் காற்று புகாது. வயதானவர்களும் கைக்குழந்தையும் இருக்கும் வீட்டில், காற்று வரும் ஜன்னலுக்கு நேராக அவர்களின் படுக்கையைப் போடுங்கள்.

கடைக்குப் போகும்போது கையில் இரண்டு விவரம் இருந்தால் போதும். ஜன்னலின் அளவு, அது பார்த்திருக்கும் திசை. `என்ன கலர் பார்க்கலாம்?' என்று கடைக்காரர் கேட்கும் முன், `மேற்கு ஜன்னல், ரெண்டடி, ஒதுக்கினா முழுசா திறக்கணும்' என்று சொல்லிப் பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.